இடப்பக்கத்து வரிகள்

மார்ச் 3

புத்தகம் போட்டுத்தரும் அலுவலகத்தாருக்கு,

அன்று வீட்டில் இருந்தவர்கள்: படுக்கையில் கிடந்த என் மாமியார். மாடியில் குடியிருந்த தையல்காரர். அவர் மனைவி, அப்போது எட்டு மாதம். என் மூத்தவன், வயது பன்னிரண்டு. என் சின்னவள், வயது ஒன்பது. என் நாத்தனார். நான். மொத்தம் ஏழு பேர். என் வீட்டுக்காரர் தெருமுனையில் தன் கடிகாரக் கடையில் இருந்தார், அதனால் அவரைச் சேர்க்கவில்லை.

புத்தகம் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். முன்னுரை, வாழ்த்துரை என்று எதையாவது கொண்டுவந்து முன்னால் நிறுத்தாதீர்கள்.

உங்கள் அலுவலகத்தைக் கண்டுபிடித்தது என் மூத்தவன். தட்டச்சு, பிழை பார்ப்பது, பக்கம் கட்டுவது, அட்டை, அச்சு எல்லாம் நீங்களே செய்வீர்களாம். “புத்தகம் உங்களுடையது, முடிவும் உங்களுடையது” என்று உங்கள் தாளில் போட்டிருக்கிறது. அந்தத் தாளைப் பீரோவில் வைத்திருக்கிறேன். பேச்சு மாறினால் எடுத்துக் காட்டுவேன்.

நான்கு நோட்டு அனுப்பியிருக்கிறேன். ஆறு வருடம் எழுதியது. நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம்தான், அதையும் மறந்துபோயிருந்தேன். அந்த நாளில் என் சின்னவள்தான் எனக்கு டீச்சர். சாயங்காலம் பையைப் போட்டதும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். “ஐயோ அம்மா, உங்க காலத்து லை எல்லாம் போயிடுச்சு. இப்போ முன்னாடி ஒரு கொம்பு போட்டா போதும்” என்பாள். அவள் போட்டுக்கொடுத்த எழுத்துதான் இன்று வரைக்கும் என் எழுத்து. அதனால் பிழை இருந்தால் கோபப்படாமல் திருத்துங்கள்.

ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது. முற்றத்துத் தரைத்தொட்டியின் இரும்பு மூடியை என் நாத்தனார் திறந்துபோட்டது அதில் இருக்கிறது. காலையில் துணி துவைத்தவள் அவள். தண்ணீர் மொண்டவள் அவள். மதியம் என் சின்னவளை அந்தத் தொட்டியிலிருந்து உயிரில்லாமல் தூக்கிப் போட்டிருந்தபோது, “நான் மூடினேன் அண்ணி, சத்தியமா மூடினேன்” என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். பிறகு, கடையிலிருந்து ஓடிவந்து நின்ற தன் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அதோடு வாயடைத்துப் போனாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்? நாத்தனார் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. செத்தாலும் அச்சில் இருக்கட்டும். அதற்காகத்தான் இந்தப் புத்தகமே.

போன் செய்யாதீர்கள், எனக்குக் காது கேட்காது. கடிதம் போடுங்கள், கண்ணும் மங்கல், பெரிய எழுத்தாக எழுதுங்கள். எழுத்துக்குத்தான் சாட்சி உண்டு.

இப்படிக்கு,
நான்கு நோட்டுக்கும் சொந்தக்காரி

—

மார்ச் 14

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் புத்தகத்துக்குப் பிழை திருத்துவதும் பக்கம் பார்ப்பதும் என் பொறுப்பு. நான்கு நோட்டும் தட்டச்சு ஆகிவிட்டது. மெய்ப்பு, அதாவது அச்சுக்குப் போகும் முன் நீங்கள் பார்த்துச் சரிசொல்ல வேண்டிய தாள்கள், இத்துடன் இருக்கிறது. உங்கள் கண்ணுக்காகப் பெரிய எழுத்தில் எடுத்திருக்கிறேன். அட்டைக்கு ஓவியர் வரைந்த மாதிரிப் படம் ஒன்றும் உள்ளே இருக்கிறது.

பதினைந்து வருடமாக இந்த வேலை செய்கிறேன். உங்களைப்போல ஆள், இடம், நேரம் ஒன்றுவிடாமல் எழுதியவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இரண்டு இடங்களில் திகைத்து நின்றேன்.

முதல் பக்கத்தில் “ஏழு பேர்” என்கிறீர்கள். ஆனால் பட்டியல் “நான். நானும்.” என்று முடிகிறது. எண்ணினால் எட்டு வருகிறது. பின்னால் வந்த “நானும்” கைப்பிழையா?

இன்னொன்று மூன்றாம் அத்தியாயம். அதில் கை வைக்கவில்லை, கேட்க மட்டும் செய்கிறேன். நாத்தனார் மூடியைத் திறந்துபோட்டார் என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே இப்படி வருகிறது: “மூடியின் கைப்பிடி சுட்டது. துண்டை வைத்துத் தூக்கினேன். தண்ணீர் அரைத்தொட்டி இருந்தது.” புத்தகத்திலேயே என்னை மிகவும் உலுக்கிய வரிகள் இவை. ஆனால் வாசிப்பவர் குழம்புவார். அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூடியைத் தூக்கியது நீங்களா?

அன்புடன்,
பிழை திருத்துபவள்

—

மார்ச் 19

சிவப்பு மைக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. என்னைப் பார்த்தா கேட்கிறாய், மூடியைத் தூக்கியது நீயா என்று?

அந்த வரியை நான் எழுதவில்லை. “நானும்” என்று எழுதவில்லை. ஒரு தடவை நான் என்று சொன்னவள் இன்னொரு தடவை ஏன் சொல்லப்போகிறேன்? நான் என்ன ரெட்டைப் பிறவியா? துண்டை வைத்துத் தூக்கினாளாம்! தோளில் துண்டு போட்டுக்கொண்டா நான் குடித்தனம் நடத்தினேன்? முந்தானையை வைத்துத் தூக்கினேன் என்று எழுதியிருந்தாலாவது பொய்யைப் பொருத்தமாகச் சொல்லியிருக்கிறாய் என்று விட்டிருப்பேன்.

உங்கள் அலுவலகத்தில் கதை எழுதும் ஆள் யாராவது இருந்தால், அவருக்குச் சொல்லிவை. பிழையைத் திருத்தச் சொன்னேனே தவிர என் குழந்தையைப் பற்றி ஒரு சொல் கூட்டச் சொல்லவில்லை.

அட்டைப்படமும் பார்த்தேன். ஒரு கிழவி நாற்காலியில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கிறாள். எனக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை என்று அந்த ஓவியருக்குச் சொல். வெறும் அட்டை போதும்.

எழுதக்கூடாது என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். மெய்ப்பு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் மதியப்பொழுது சரியில்லை. தொட்டியை அடைத்து மேலே சிமெண்ட் பூசி நாற்பது வருடம் ஆகிறது. அந்த இடத்தில் துணி துவைக்கும் மிஷின் நிற்கிறது. ஆனாலும் பன்னிரண்டு மணிக்கு இரும்பு மூடி தரையில் விழுகிற சத்தம் கேட்கிறது. எனக்குத்தான் காதே கேட்காதே, பிறகு எப்படி? என் சின்னவளுக்கு அந்தத் தொட்டியோடு ஒரு விளையாட்டு. மூடியில் ஒரு ஓட்டை உண்டு. அதில் வாயை வைத்து “ஓ” என்பாள். தொட்டி திருப்பி “ஓ” என்னும். “அம்மா, உள்ளே ஒருத்தி என்னை மாதிரியே பேசுறா” என்பாள்.

நேற்று உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு “துண்டை வைத்துத் தூக்கினேன்” என்பதைச் சத்தமாகப் படித்தேன். யாரோ கூடவே படித்த மாதிரி இருந்தது. செத்துப்போன நாத்தனார் வந்து என் புத்தகத்தில் உட்கார்ந்துகொண்டு என்மேலேயே பழியைத் திருப்புகிறாளா? அவள் செய்யக்கூடியவள்தான்.

நோட்டைப் பிரித்துப் பார்த்து, அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எழுது.

நான்கு நோட்டுக்காரி

—

மார்ச் 27

அன்புள்ள பாட்டிம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி நான்கு நோட்டையும் நானே பக்கம் பக்கமாகப் பார்த்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். தவறு எங்களுடையது.

நீங்கள் வலப்பக்கத்தில் மட்டுமே எழுதியிருக்கிறீர்கள், நீல மையில், பெரிய எழுத்தில். இடப்பக்கங்கள் காலியாக இருப்பதாகத்தான் பார்த்தவுடன் தோன்றும். ஆனால் முதல் மூன்று நோட்டுகளில், பதினோரு இடங்களில், இடப்பக்கத்தின் அடியோரமாகப் பென்சிலில் கடுகு கடுகாக எழுத்து இருக்கிறது. எங்கள் தட்டச்சுக்காரர் அவற்றில் தன் கண்ணில் பட்ட இரண்டை, நீங்களே பிறகு சேர்த்த வரிகள் என்று நினைத்து, எதிர்ப்பக்கத்தில் பொருந்தும் இடம் பார்த்துக் கோத்துவிட்டார். கையெழுத்து வேறு என்பதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை.

அது உங்கள் கையெழுத்து இல்லை என்பதற்கு எனக்கு ஒரே ஒரு எழுத்து போதும். நீங்கள் “லை”யை எங்கும் முன்னால் கொம்பு போட்டுத்தான் எழுதுகிறீர்கள், சின்னவள் சொல்லிக்கொடுத்தபடி. பென்சில் வரிகளில் “லை”, “னை”, “ணை” எல்லாம் பழைய முறையில், தலைக்கு மேல் யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல் வளைந்து நிற்கின்றன. எங்கள் கணினியில் அந்த வடிவமே இல்லை. அதனால் தட்டச்சில் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிட்டது.

பதினோரு இடத்தையும் படம் எடுத்துப் பெரிதாக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று நோட்டையும் திருப்பி அனுப்புகிறேன். தட்டச்சில் பார்த்த இரண்டைத் தவிர மற்றதை நான் மேலே படிக்கவில்லை. அது உங்களுக்கு எழுதப்பட்டது என்று பட்டது.

உங்களிடமிருந்து கடிதம் வரும்வரை வேலையை நிறுத்திவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சிவப்பு மைக்காரி

—

ஏப்ரல் 22

மகளே,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உறையைப் பிரித்து முதல் படத்தைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டேன். அந்தத் தும்பிக்கையை எனக்குத் தெரியாதா? கடிகாரத்தின் உள்மூடியில் ஊசியால் ரிப்பேர் தேதி கீறிக்கொடுப்பாரே, அதே கை. என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் மூன்றாவது நோட்டில் இருக்கும்போதுதான் போனார்.

படமாகப் பார்க்கப் பிடிக்கவில்லை. நோட்டிலேயே படித்தேன். கடிகாரம் பார்க்கும்போது அவர் ஒற்றைக் கண்ணில் சொருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி மேஜை டிராயரில் கிடந்தது. அதை என் கண்ணில் சொருகிக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு இடம். உனக்கு எழுதுகிறேன். யாராவது ஒருத்தருக்குத் தெரிய வேண்டும்.

“நானும்.” இது பட்டியலுக்கு எதிரில்.

“கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். எடுக்கப் பின்வாசல் வழியாக வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.”

“காலையில் குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது பார்ப்போம் என்று நினைத்தேன்.” பிறகு நீ படித்தது, அந்தத் துண்டு.

“மூட மறந்து போனேன். கடையில் ஆள் காத்திருந்தார்.”

“மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தங்கச்சி பார்த்தாள். நான் திறந்ததைப் பார்த்தாள். மூடாததை அவளும் கவனிக்கவில்லை.”

இதற்கு அடுத்தது மூன்று நாள் என்னைப் படுக்கவைத்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்: “மறுநாள் அவளைத் தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டாம் என்றேன். உன் அண்ணி தாங்க மாட்டாள், என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள், பையன் தாயில்லாமல் போவான் என்றேன். தங்கச்சி சரி அண்ணே என்றாள்.”

மகளே, சரி என்றாளாம்.

நான் அவளை என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், ஐந்தாம் அத்தியாயத்தில் பெருமையாகத்தானே எழுதியிருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் தகரப்பெட்டியோடு வெளியே அனுப்பினேன். “குழந்தையை முழுங்கினவளுக்கு இந்த வீட்ல தண்ணி கிடையாது” என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னேன். இருபத்தாறு வயது. எங்கோ ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனாள், அங்கேயே கிழவியானாள். கல்யாணம் என்று ஒருவரும் பேச்செடுக்கவில்லை. குழந்தையைக் கொன்றவள் என்று நான்தான் எல்லாருக்கும் சொல்லியிருந்தேனே. மூத்தவன் கல்யாணத்துக்கு, யாரும் கூப்பிடாமல், வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். பச்சைப் புடவை, இடது தோளில் கிழிந்து தைத்தது. நான் பார்த்தேன். உள்ளே வா என்று சொன்னால் என் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் பார். அவர் பக்கத்தில்தான் நின்றார். வந்தவர்களுக்கு இருக்கை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் செத்த சேதி வந்தபோது அவர் மட்டும் போனார். திரும்பி வந்தார். “சாப்பாடு போடவா?” என்றேன். “போடு” என்றார்.

இன்னொரு வரி இருக்கிறது. “இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ தங்கச்சியைத் திட்டிக்கொண்டே பரிமாறினாய். சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.”

கடைசியாக எழுதியது: “நீ படித்துவிட்டாயா என்று தினமும் நோட்டைத் திறந்து பார்க்கிறேன். நீ வலப்பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் வரமாட்டேன் என்கிறாய்.”

எப்படி வருவேன்? என் இரண்டு கண்ணிலும் புரை. பென்சில் கோடு தெரியாது. மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதை எனக்குப் படித்துச் சொன்னதே அவர்தான். தெரிந்துதான் அப்படி எழுதினார். சொன்ன மாதிரியும் ஆயிற்று, நான் கேட்காத மாதிரியும் ஆயிற்று.

இந்த வீட்டில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு மிஷின் பக்கத்தில் போய் நிற்கிறேன். மூடி விழவில்லை. கூப்பிட வேண்டியவர்கள் எல்லாரும் கோபித்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருக்கிறது.

உன்,
பாட்டிம்மா

—

ஏப்ரல் 28

அன்புள்ள பாட்டிம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படிக்க முடியவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்து படித்தேன். நானும் ஒரு வீட்டில் நாத்தனார்தான். அன்று சாயங்காலம் என் அண்ணிக்குப் போன் செய்தேன். “என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?” என்று பயந்துபோனார்கள். ஒன்றும் இல்லை அண்ணி, சும்மா என்றேன்.

இனி என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். புத்தகத்தையே நிறுத்திவிடலாம், அதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அல்லது பென்சில் வரிகள் பதினொன்றையும் விட்டுவிட்டு நீங்கள் எழுதியதை மட்டும் போடலாம். ஆனால் அப்போது மூன்றாம் அத்தியாயம் அப்படியே அச்சாகும். அதைச் செய்ய என் கை வராது. நீங்கள் சொன்னால் செய்வேன், அது எங்கள் தாளில் எழுதிக்கொடுத்த பேச்சு. மூன்றாவது வழி, மூன்றாம் அத்தியாயத்தையும் ஐந்தாம் அத்தியாயத்தையும் எடுத்துவிடுவது.

எங்கள் மேலாளரும் படித்தார். முடிவில் ஒரு பத்தி சேர்க்கலாம் என்கிறார். நீங்கள் எல்லாரையும் மன்னித்து, உங்களையும் மன்னித்து, மனம் அமைதியானது என்று முடித்தால் படிப்பவர்கள் புத்தகத்தை நிறைவோடு மூடுவார்களாம். அவர் ஒரு மாதிரி எழுதியும் கொடுத்தார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இத்துடன் வைக்கவில்லை, நீங்கள் கேட்டால் அனுப்புகிறேன்.

அவசரமே இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையை இப்போது யார் படித்துச் சொல்கிறார்கள்?

அன்புடன்,
சிவப்பு மைக்காரி

—

மே 6

மகளே,

மாத்திரைக்கு மருமகள் வண்ணநூல் கட்டிவைத்திருக்கிறாள். காலைக்கு மஞ்சள், மதியத்துக்குச் சிவப்பு. கெட்டிக்காரி. ஒருநாளும் சொன்னதில்லை, நேற்று சொன்னேன். “என்னத்தே, உடம்பு சரியில்லையா?” என்று என் காதில் கத்திவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

புத்தகம் வரட்டும். எப்படி வர வேண்டும் என்று சொல்கிறேன், எழுதிக்கொள்.

மூன்றாம் அத்தியாயத்தை எடுக்கக்கூடாது, ஐந்தாவதையும் எடுக்கக்கூடாது. ஒரு எழுத்து குறையக்கூடாது. பொய்தான். ஆனால் நாற்பது வருடம் அதை நான் வாயால் சொன்னேன், ஊர் காதால் கேட்டது. இப்போது எடுத்துவிட்டால் நான் சொல்லவேயில்லை என்று ஆகிவிடும். நான் சொன்னேன். படிக்கிறவர்கள் என்னைத் திட்டட்டும், அவளுக்குக் கேட்கட்டும்.

அவர் வரிகளை என் வரிகளுக்கு நடுவில் கோக்காதே. என் பக்கங்கள் எல்லாம் வலது பக்கமாகவே வரட்டும். இடது பக்கத்தைக் காலியாக விடு. அவர் எங்கே எழுதினாரோ அங்கே, அடியோரத்தில், அவர் எழுதிய அளவிலேயே போடு. உன் கணினியில் தும்பிக்கை எழுத்து இல்லை என்றாய். படமாக எடுத்தாயே, அதையே அச்சில் வை. தாள் நிறையச் செலவாகும் என்று மேலாளர் முணுமுணுத்தால், பீரோவில் இருக்கும் உங்கள் தாளை எடுத்துக் காட்டுவேன் என்று சொல்.

“நான் மூடினேன் அண்ணி, சத்தியமா மூடினேன்.” இதற்குத் தனியாக ஒரு பக்கம். அதில் வேறு எதுவும் வேண்டாம், பக்க எண்கூட வேண்டாம். அவள் ஒரு தரம்தான் சொன்னாள், அதனால் ஒரு தரம் போதும்.

மேலாளர் எழுதிய பத்தியை நீயே வைத்துக்கொள். என்னை மன்னிக்கச் சொல்கிறாராமே? என்னை மன்னிக்க நான் யார்? அது அவள் செய்ய வேண்டிய வேலை. அவள் இல்லை. ஆள் வராத வேலையை நான் எடுத்துச் செய்தால் கணக்காகுமா?

நோட்டில் எழுதாத ஒன்றும் இருக்கிறது. இதை என் மூத்தவனுக்குக்கூடச் சொன்னதில்லை. அன்று தொட்டியிலிருந்து “அம்மா” என்று குரல் கேட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். ஓட்டையில் வாயை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். “வர்றேன்டி, வர்றேன்டி” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னேன். இரண்டாம் தரமும் கேட்டது. அதற்கும் அதையேதான் சொன்னேன். மூன்றாம் தரம் கேட்கவில்லை. இதை யார்மேலாவது போடாமல் என்னால் ஒரு நாள் உயிரோடு இருந்திருக்க முடியாது. கைக்கு எட்டிய தூரத்தில் நாத்தனார் நின்றாள். அவள்மேல் போட்டேன். அவளும் வாங்கிக்கொண்டாள்.

இதையும் சேர்த்துவிடு. கடைசி அத்தியாயமாக வரட்டும். கைப்பிழை இருந்தால் திருத்திக்கொள்.

உன்,
பாட்டிம்மா

பி.கு.: முடிவுப் பத்தி கேட்டீர்களே, தருகிறேன். மூடியை மூட மறந்ததற்கு நான் யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டேன். வெயில், அவசரம், கடையில் ஆள், யாருக்கும் கை மறந்துபோகும். அதை மன்னித்தாயிற்று. மூடியைத் திறந்தவர் தன் வாயை மூடிக்கொண்டு, இன்னொருத்தி வாயையும் மூடிவைத்து, சாகும்வரை என் கையால் சாப்பிட்டாரே, அதை மன்னிக்க மாட்டேன். பெயர் கேட்டால், கடைசிப் பக்கத்தில் தனி வரியாகப் போடு: தெருமுனைக் கடிகாரக்காரர், என் வீட்டுக்காரர்.